பதினோராவது கோல்

1998-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி நாற்பது நிமிடம். நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அதைக் குறித்து வைத்தவர்தான். அவர் குடிநீர் வாரிய அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். எதுவும் எழுதப்பட்டால்தான் அது நடந்தது என்று அவர் மனம் ஒப்புக்கொள்ளும். அலுவலகத்தில் இந்தக் குணத்தை மெச்சியவர்கள் பாதிப் பேர். கேலி செய்தவர்கள் மீதிப் பேர்.

அன்று அவருடைய அண்ணன் குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து அரசு மருத்துவமனையில் படுத்திருந்தார். படுக்கை விரிப்பு நனைந்துவிட்டது. மாற்று விரிப்பு கேட்டுக் கேட்டு அண்ணிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "சலவைப் பிரிவு கீழ்த்தளத்துல இருக்கு. நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்று செவிலியர் கைகாட்டிவிட்டார். எழுத்தர் படியிறங்கிப் போனார்.

கீழ்த்தளம் முழுவதும் நீராவி. சுவரோரம் மூன்று பெரிய சலவை எந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. உருளை இஸ்திரியிலிருந்து சூடாக வெளிவந்த விரிப்புகளை ஒரு பெண் மடித்து, சுருட்டி, பன்னிரண்டு அடிக்கு அப்பால் நின்ற கம்பி வண்டிக்குள் எறிந்துகொண்டிருந்தாள். அவள் நல்ல உயரம். நடுவில் வேறு இரண்டு வண்டிகள் குறுக்கே நின்றன. அவற்றைத் தாண்டித்தான் சுருள் போய் விழவேண்டும். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு கைகளாலும் மார்பருகே பிடித்து, மெல்ல மேலே அனுப்பினாள். சுருள் வளைந்து போய்ச் சத்தமில்லாமல் வண்டிக்குள் இறங்கியது. எழுத்தர் வந்த வேலையை மறந்து எண்ணத் தொடங்கினார்.

"என்ன சார், எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க? துணி குறையுதுன்னு மேல இருந்து அனுப்பினாங்களா?"

"இல்லம்மா. இருபத்திரண்டு போட்டீங்க. இருபத்திரண்டும் உள்ள விழுந்துச்சு."

"விழாம? தரையில விழுந்தா மறுபடி துவைக்கணும். நீங்களா வந்து துவைப்பீங்க?"

"பந்து எறிஞ்சு பழக்கம் உண்டா?"

"தலகாணி எறிஞ்சு பழக்கம் உண்டு. வீட்டுக்காரர் மேல."

பக்கத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சிறிய குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டு, விரிப்பு வாங்க மறந்து, வந்த வழியே படியேறிப் போய்விட்டார்.

அவர் எழுதியதற்குக் காரணம் உண்டு. அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் அவர் நாட்டின் கோர்ஃப்பால் அணிக்குப் பதிவாளர். சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆடிப் பார்த்து, தனக்கு ஆட வராது என்று தெரிந்துகொண்டு, ஆடுகிறவர்களைப் பற்றி எழுதி வைப்பதோடு திருப்தி அடைந்தவர். அணியினர் அவரை 'நோட்டு சார்' என்றுதான் அழைப்பார்கள்.

கோர்ஃப்பால் என்றால் என்னவென்று அந்த நாட்டில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் விழிப்பார்கள். பத்தாமவர் அணியில் இருப்பவராக இருப்பார். ஓர் அணிக்கு எட்டுப் பேர்: நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். பதினொன்றரை அடி உயரக் கம்பத்தின் உச்சியில் அடியில்லாத கூடை. அதன் பின்னால் பலகை எதுவும் இராது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. தரையில் தட்டிக்கொண்டும் போகக்கூடாது. ஆணை ஆண்தான் தடுக்கலாம், பெண்ணைப் பெண்தான் தடுக்கலாம். ஆகவே ஒரு பெண் குறைந்தால் அந்த இடத்தில் ஓர் ஆணை நிறுத்திச் சமாளிக்க முடியாது. அந்த ஆண்டு அணியில் பெண்கள்தான் குறைவு.

இன்னொரு குறையும் இருந்தது. எழுத்தரின் பெரிய நோட்டில், தேதி வாரியாக, பதினான்கு சர்வதேச ஆட்டங்கள் பதிவாகியிருந்தன. பதினான்கும் தோல்வி. போட்ட கோல் எழுபத்தொன்று, வாங்கிய கோல் முந்நூற்றுப் பதினெட்டு. ஒரே ஓர் ஆட்டத்தில் முப்பத்துநான்குக்கு இரண்டு. பயிற்சியாளர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர், எல்லாருக்கும் 'மாஸ்டர்'. அவர் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அந்த ரெண்டை யாரும் மறந்துடாதீங்கடா" என்பார். விளையாட்டுத் துறை மறக்கத் தயாராக இல்லை. தொடர்ந்து மூன்று கண்ட அளவிலான போட்டிகளில் ஒரு வெற்றிகூட இல்லாத அணிகள் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. நீக்கப்பட்டால் உள்ளரங்கம் கிடைக்காது, விடுப்பு கிடைக்காது, பயணச் செலவுக்கு ஒரு தாள்கூட நகராது. இரண்டு போட்டிகள் ஏற்கெனவே வெறுங்கையோடு முடிந்திருந்தன.

மறுவாரம் எழுத்தர் மாஸ்டரையும் அழைத்துக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போனார். அவள் பதினொரு ஆண்டுகளாகத் தினக்கூலியில் இருந்தாள். கணவன் அதே மருத்துவமனையில் மின்தூக்கி இயக்குபவன்; ஒரு மகள்; கூட மாமியார். எழுத்தர் எடுத்த எடுப்பிலேயே விதியைப் படித்துக் காட்டினார்: அரசுத் துறைகளில் தற்காலிகமாக வேலை பார்ப்பவர், வெற்றி பெற்ற ஒரு சர்வதேச ஆட்டத்தில் இருபது நிமிடமாவது ஆடியிருந்தால், பணி நிரந்தரம் கோரலாம்.

"எத்தனை ஆட்டம் ஜெயிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

மாஸ்டர் மேற்கூரையைப் பார்த்தார். எழுத்தருக்குப் பொய் வராது. "இன்னும் ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப நல்ல வேலைதான்" என்றாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வந்து நின்றாள்.

முதல் நாளே மாஸ்டர் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். பந்து கையில் இருக்கும்போது ஒரு கால் தரையைவிட்டு எழக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தால், மற்றவர்கள் தடுமாறுவார்கள். இவள் ஒற்றைக் காலை ஊன்றி, கழுத்தை மட்டும் திருப்பி, யாருக்குத் தரலாம் என்று நிதானமாகப் பார்த்தாள். "கொக்கு மாதிரி நிக்கறியேம்மா!" என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து அவள் கொக்கு. பிறகு மருத்துவமனையிலும் அதுவே நிலைத்தது. கணவன்கூட "எங்க வீட்டுக் கொக்கு" என்று மின்தூக்கியில் ஏறுகிறவர்களிடம் பெருமை பேசுவான்.

மாமியாருக்குத்தான் இது பிடிபடவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "கூடையில பந்து போடறதுக்கு ஏரோப்ளேன்ல போகணுமா? உங்க ஆஸ்பத்திரியில கூடைக்கா பஞ்சம்?" என்றாள்.

"அத்தே, அந்தக் கூடைக்கு அடி கிடையாது."

"அடி இல்லாத கூடையில எதைப் போட்டு என்ன மிஞ்சும்?"

"இந்தத் தடவை ஜெயிச்சா எனக்கு வேலை நிரந்தரம்."

மாமியார் பேத்தியைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்; போய் வா என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

2000-ஆம் ஆண்டு நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. அந்தப் போட்டியில் அதுதான் கடைசி ஆட்டம். முதல் மூன்றும் தோற்றாகிவிட்டது. எதிரணியும் சுமாரான அணிதான். ஆகவே இது ஒன்றுதான் வழி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அணித்தலைவி அஞ்சல் நிலையத்தில் தற்காலிகப் பணியாளர். 'தபால்' என்று கூப்பிடுவார்கள். ஏழாம் எண் சட்டை அவளுடையது. கொக்குவுக்குப் பன்னிரண்டாம் எண், மாற்று ஆட்டக்காரி.

மாற்றங்கள் பற்றி அந்தப் போட்டியில் ஒரு நடைமுறை இருந்தது. ஆள் மாறினாலும், சட்டை எண் மாறினாலும், அந்தந்த அணியின் பதிவாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அலுவலர் மேசையில் கொடுக்கவேண்டும். கொடுத்தால் போதும், வேறு தடை இல்லை. கொடுக்காமல் வேறொருவர் எண்ணில் ஆடினால் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும்.

ஆட்டம் அறுபது நிமிடம். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் தபாலின் முட்டி பிசகியது. கொக்கு உள்ளே போனாள். எழுத்தர் சீட்டு எழுதி மேசையில் கொடுத்தார். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் எதிரணிப் பெண்ணின் முழங்கை கொக்குவின் மூக்கில் பட்டது. ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. ரத்தம் பட்ட சட்டையோடு ஆடக்கூடாது என்று நடுவர் கையசைத்தார். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவள் ஓடிவந்தாள். மாற்றுச் சட்டை கொண்டு வரவில்லை; தபால் கழற்றிப் போட்ட ஏழாம் எண் சட்டைதான் நாற்காலி முதுகில் தொங்கியது. இரண்டு பெண்கள் துண்டைப் பிடித்து மறைக்க, அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

எழுத்தர் தம் பெரிய நோட்டில் எழுதினார்: '45-ஆம் நிமிடம். ரத்தம். எண் 12-க்குப் பதில் எண் 7 சட்டை. ஆள் மாறவில்லை.' அடிக்கோடும் இட்டார். எழுதி முடித்ததும் வழக்கம்போல் அவருக்கு மனம் நிறைந்தது. எழுதியாகிவிட்டது; ஆகவே நடந்துவிட்டது. மேசைக்குப் போகவேண்டிய துண்டுச் சீட்டு அவர் நினைவில் வரவே இல்லை. மேசையில் இருந்தவர்களோ, ஏழாம் எண் சட்டை உள்ளே போவதைப் பார்த்து, அடிபட்டவள் தேறித் திரும்பிவிட்டாள் என்று தாங்களாகவே எழுதிக்கொண்டார்கள்.

ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் பத்துக்குப் பத்து. கொக்குவைத் தடுத்தவள், இவள் எறியமாட்டாள், பந்தைக் கடத்தத்தான் செய்வாள் என்று இரண்டடி விலகிக் கம்பத்தடிக்கு நகர்ந்தாள். இடது காலை ஊன்றியிருந்த கொக்கு, வலது காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். இருபதடி இருக்கும். இரண்டு கைகளாலும் பந்தை மார்பருகே கொண்டுவந்து மேலே அனுப்பினாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பந்து கூடையின் விளிம்பைக்கூடத் தொடவில்லை.

பதினொன்றுக்குப் பத்து. விசில் ஊதியதும் மாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். தபால் நொண்டிக்கொண்டே போய்க் கொக்குவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். எழுத்தர் மட்டும் மேசைக்குப் போய் அதிகாரபூர்வத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். 'எண் 12: உள்ளே 38, வெளியே 45. எண் 7: மீண்டும் உள்ளே 45. கோல் 11: எண் 7, நிமிடம் 59.'

அரைமணி நேரத்துக்குள் அணித்தலைவி கையெழுத்திட வேண்டும். எழுத்தர் மாஸ்டரைத் தனியே அழைத்துத் தம் தவறைச் சொன்னார். மாஸ்டரின் முகம் வெளிறிப்போனது.

"இப்ப வாயைத் தொறந்தா என்ன ஆகும்?"

"ஆட்டம் அவங்களுக்குப் போயிடும்."

"அப்ப தொறக்காதீங்க சார். பதிமூணு வருஷம். பதிமூணு வருஷமா அடி வாங்கியிருக்கோம்."

தபாலுக்கும் சொல்லவேண்டியதாயிற்று, கையெழுத்து அவளுடையது. அவள் தாளையும் கொக்குவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, இது உன்னோட கோல். நான் எப்படிக்கா..." என்று பேனாவை எடுக்காமல் நின்றாள். கொக்கு மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். இன்னும் சிவப்பாக இருந்தது. "போடு. வெளிய பசங்க குதிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

தபால் கையெழுத்திட்டாள்.

உடைமாற்றும் அறையின் கடைசியில் ஒரு குழாய் இருந்தது. எழுத்தர் போனபோது கொக்கு பன்னிரண்டாம் எண் சட்டையைக் குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டிருந்தாள். "ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது சார். பிடிச்சுக்கும்" என்றாள், அவர் கேட்காமலேயே.

"என்னோட தப்பும்மா. ஒரு சீட்டு. நாலு எழுத்து. அதைக் கொடுத்திருந்தா எல்லாம் முறைப்படி ஆகியிருக்கும்."

"தெரியும்."

"என் நோட்டுல உண்மை இருக்கு. நீங்க எப்பக் கேட்டாலும் விளையாட்டுத் துறைக்கும் கோர்ஃப்பால் சம்மேளனத்துக்கும் எழுதறேன். என் பேர் போட்டு, என் கையெழுத்தோட. இது நான் உங்களுக்குப் பட்ட கடன்."

அவள் சட்டையைப் பிழிந்து உதறினாள். "நான் கேட்கறதுக்கு முன்னாடி எழுதக் கூடாது. அதையும் சொல்லுங்க."

"எழுத மாட்டேன்."

ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் மாலை போட்டார்கள். அணி பட்டியலில் தங்கியது. ஐந்தாம் மாதம் தபாலுக்கு வேலை நிரந்தரமாயிற்று. கொக்குவின் விண்ணப்பம், 'ஆடிய நேரம் ஏழு நிமிடம்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கணவன் அதை மின்தூக்கிக்குள் நின்று நான்கு முறை படித்தானாம். "ஏழு நிமிஷமா? நான் டிவியில பார்த்தேனே, கடைசி வரைக்கும் நீதானே நின்னே?" என்று வீட்டில் கேட்டான். "டிவியில எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் துருவவில்லை. மாமியார் மட்டும், "ஏழு பெருசா, இருபது பெருசான்னு எனக்குத் தெரியாதா?" என்று இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தபால் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். கொக்கு அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். "விட்டுட்டு? உங்கம்மாவுக்கு மருந்து யார் வாங்குவா, மாஸ்டரா? முட்டி எப்படி இருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

2003-இல் மருத்துவமனைச் சலவை தனியார் ஒப்பந்தத்துக்குப் போனது. நிரந்தரப் பணியாளர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். தினக்கூலிகளுக்கு மாதக் கடைசியோடு சீட்டுக் கிழிந்தது. பதினாறு ஆண்டு வேலை. அந்த வாரத்தில் ஒரு நாள், பகல் இரண்டு மணிக்குக் கொக்கு குடிநீர் வாரியப் பதிவறைக்கு வந்தாள். கூரை வரை கோப்புகள் அடுக்கியிருந்த அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுத்தர் அவள் முகத்தைப் பார்த்ததுமே வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"சொல்லுங்கம்மா. இப்பவே எழுதறேன்."

"எழுதினா என்ன ஆகும், வரிசையாச் சொல்லுங்க."

வரிசையாகச் சொல்வது அவருக்குப் பழக்கம். அந்த வெற்றி ரத்தாகும். அன்றைய தேதிக்கு அணி மூன்று போட்டியில் வெற்றி இல்லாததாகக் கணக்காகும்; பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். தபாலின் நியமனம் மறுபரிசீலனைக்குப் போகும். பொய்த் தாளில் கையெழுத்திட்டதாக அவள்மேல் நடவடிக்கையும் வரலாம். மாஸ்டருக்கும் தமக்கும் வாழ்நாள் தடை.

"எனக்கு?"

எழுத்தர் பேனாவைப் பார்த்தார். அதுவரை அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை. "ஆட்டமே தோல்வின்னு ஆயிட்டா... ஜெயிச்ச ஆட்டத்துல ஆடினதா உங்களுக்கும் காட்ட முடியாது. ஆனா நீங்க இருபத்திரண்டு நிமிஷம் ஆடினீங்க, கோல் போட்டீங்கங்கறது பதிவாகும். அதை வெச்சு அமைச்சர் வரைக்கும் போய் முறையிடலாம். கருணை அடிப்படையில செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்."

அவள் பேசியபோது குரல் உயரவில்லை. ஆனால் எழுத்தர் அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க அன்னிக்குச் சொல்லியிருக்கணும் சார். பதினாலு நிமிஷம் இருந்துச்சு, நான் அந்தச் சட்டையோட உள்ள நின்னுக்கிட்டு இருந்தப்ப. அப்ப உங்களுக்கு நோட்டுதான் தெரிஞ்சது. இன்னிக்கு எழுதினா அது எனக்காக இல்ல, உங்களுக்காக. எழுதிட்டு நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க. நான் தபாலோட வீட்டுப் பக்கம் போக முடியாது."

"அப்ப..."

"பேனாவை மூடுங்க. மை காயுது."

அவர் மூடினார். அவள் எழுந்துகொண்டாள். "கடன் கடனாவே இருக்கட்டும். கேட்கணும்னு தோணினாக் கேட்கறேன்" என்றாள். கதவருகே நின்று, "சனிக்கிழமை பயிற்சி நாலு மணிக்கா, நாலரைக்கா?" என்று கேட்டாள்.

"நாலு" என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு விடுதியில் அவளுக்கு வேலை கிடைத்தது. எந்திரம் கிடையாது, மொட்டைமாடியில் கல்தொட்டி. பழைய கூலியில் பாதிதான். மாலையில் வீட்டில் இஸ்திரி போட்டுக் கொடுத்து மீதியைச் சரிக்கட்டினாள். கணவன் ஓவர்டைம் பார்த்தான். மகள் படித்து மருந்துக்கடையில் சேர்ந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்த மூன்று ஆண்டும் விரிப்பு ஒருநாளும் ஈரமாக இருந்ததில்லை என்று தெருவில் இன்றும் சொல்வார்கள்.

சனிக்கிழமைகளை அவள் தவறவிடவில்லை. 2006 வரை ஆடினாள். எழுத்தரின் கணக்குப்படி பத்தொன்பது சர்வதேச ஆட்டங்கள், ஐந்து கோல்; சம்மேளனம் அச்சிட்ட ஏட்டின்படி நான்கு. பிறகு புதிதாக வந்த பெண்களுக்கு ஊன்றிய காலை எடுக்காமல் நிற்கக் கற்றுக்கொடுத்தாள். தப்பினால் "நகர்ந்தே, கால வெட்டிடுவேன்" என்று அதட்டுவாள். அணி மெல்ல மெல்ல நிமிர்ந்தது. 2016 முடிய ஆடியவை நாற்பத்தாறு, வென்றவை ஒன்பது. ஒருமுறை கண்டப் போட்டியில் ஐந்தாம் இடம். புதிய அரங்கின் சுவரில் அந்த வெற்றிகளைப் பித்தளைத் தகட்டில் பொறித்தார்கள். முதல் வரி: '11–10. வெற்றிக் கோல்: எண் 7'. திறப்பு விழாவில் எழுத்தர் அந்தத் தகட்டின் முன்னால் போகாமல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். கொக்கு போய்ப் பார்த்தாள். முந்தானை நுனியால் தகட்டிலிருந்த ஒரு கைரேகையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எழுத்தர் ஒவ்வோர் ஆண்டும் காத்திருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்தின்போது கேட்பாள் என்று நினைத்தார். கணவன் மாரடைப்பில் விழுந்து பிழைத்தபோது கேட்பாள் என்று நினைத்தார். மாஸ்டர் காலமானபோது, இனி அவர் தலைக்கு ஆபத்தில்லை என்பதால், கட்டாயம் கேட்பாள் என்று நினைத்தார். அவள் வரும்போதெல்லாம் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். அவள் பயிற்சி நேரத்தைக் கேட்பாள். கூடை விரிசல் விட்டதைச் சொல்வாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பாள். தபால் 2015-இல் விருப்ப ஓய்வு பெற்று மகனோடு வெளியூர் போனாள். அந்தத் தடையும் விலகியது. அப்போதும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே தனக்குத் தண்டனையா, அல்லது அவளுக்கு உண்மையிலேயே அது தேவைப்படவில்லையா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. அதை எந்த நோட்டிலும் எழுத முடியவில்லை.

2018 பிப்ரவரியில் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அதே அரசு மருத்துவமனை, மூன்றாம் மாடி, பெண்கள் பகுதி, சன்னலோரக் கட்டில். எழுத்தர் ஓய்வு பெற்றிருந்தார். நான்கு முறை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கைப்பையில் வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன.

நான்காவது முறை, மார்ச் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி. கணவன் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தான். அவள் முகம் வீங்கியிருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பதினெட்டுக்குப் பதினாறு, தோல்வி என்றார். "ரெண்டுதானே" என்றாள். புதுப் பெண் காலை நகர்த்தாமல் நின்றாளா என்று கேட்டாள். நின்றாள் என்றார்.

எழுத்தர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஏதாவது கேட்கணுமாம்மா?"

அவள் அவரை நீண்ட நேரம் பார்த்தாள். அவர் கைப்பையையும் பார்த்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அந்த சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க சார். காத்து அடிக்குது."

அவர் எழுந்து போய்ச் சாத்தினார். கொக்கி துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் அழுத்தவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா இல்லையா என்று தெரியாமல், கணவன் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பதினொரு நாள் கழித்து அவள் இறந்தாள். எழுத்தர் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்ததை அவள் கடைசிவரை கேட்கவில்லை.